எந்த மொழியில் விளிக்கிறோம்?

சென்ற ஆண்டு ஓணத்தை ஒட்டி ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால், பாறசாலைக்குத் தெற்கே இஞ்சிவிளையை ஒட்டிய ஒரு சிற்றூர். ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் தமிழ்நாட்டுக்குள் கால் வைத்துவிடலாம் என்பார் அப்பா. களியக்காவிளையில் மீன் வாங்கி வந்து கேரளத்தில் குழம்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. கண் பார்வை மங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை, தன் தகரப் பெட்டியைத் திறந்து நூல் கொண்டு கட்டிய ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். எல்லாம் நீலநிற இன்லண்டு கடிதங்கள். 1981-இல் பம்பாய்க்கு வேலைக்கு வந்த நாள் முதல், வீட்டுக்குத் தொலைபேசி வரும்வரை நான் எழுதியவை.

"இத இஞ்ச யாரு வாசிப்பா? ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாதே" என்றார்.

வீட்டில் தம்பி இருக்கிறான், தம்பி மனைவி இருக்கிறாள், கல்லூரிப் படிப்பு முடித்த தம்பி மகள் இருக்கிறாள். தம்பி மகளுக்கு எங்கள் ஊர்த் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. தம்பிக்கும் அப்படித்தான். ஒரே தாய் வயிற்றில் பிறந்த எங்கள் இருவரில் நான் தமிழ் படித்தவன், அவன் மலையாளம் படித்தவன். இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கோடு விழுந்த கதை

அம்மா மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். 1955-இல் கல்யாணமாகி வந்தபோது மார்த்தாண்டமும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. மறு ஆண்டு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றையும் கேட்டுப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் விளவங்கோடு இந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமுமாகக் கோடு விழுந்தது. அம்மாவின் பிறந்த வீடு ஒரு மாநிலம், புகுந்த வீடு வேறு மாநிலம்.

பாட்டி தனியாக இருந்ததால் துணைக்கு என்னை மார்த்தாண்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பள்ளியில் தமிழ். தம்பி வீட்டிலேயே வளர்ந்தான். அவன் பள்ளியில் மலையாளம். விடுமுறைக்கு வரும்போது வீட்டுத் திண்ணையில் இருவரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு வெவ்வேறு எழுத்தில் வீட்டுப்பாடம் எழுதுவோம். அன்று அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒரு நாளில் எத்தனை மொழி!

இந்த முறை தம்பியோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். விடிந்ததும் அம்மாவிடம் "வெள்ளம் கோரியாச்சா?" என்றான். இது எங்கள் ஊர்த் தமிழ். பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். களியக்காவிளை போக ஏறியது கேரள அரசுப் பேருந்து என்பதால் நடத்துநரிடம் மலையாளம். அங்கிருந்து மார்த்தாண்டத்துக்குத் தமிழ்நாட்டுப் பேருந்து, அதில் தமிழ். சந்தையில் மீன்காரியிடம் தமிழில் பேரம் பேசினான். ஆனால் மூன்று கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டபோது வாய் மலையாளத்துக்கு மாறிவிட்டது. வாய்பாடு படித்த மொழியில்தானே கணக்கு வரும்?

முன்பின் தெரியாதவர் எதிரில் வந்தால் எங்கள் ஊரார் முதலில் வாய் திறக்க மாட்டார்கள். அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழட்டும் என்று காத்திருப்பார்கள். விழுந்ததும் அந்த மொழியில் பதில் வரும். ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் 1965-இல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே, யார் எந்த மொழியை யாரிடம் எப்போது பேசுகிறார் என்ற கேள்விதான். அதைப் படிக்காமலே எங்கள் ஊர் மீன்காரிக்கு விடை தெரியும்.

சட்டமும் அறவே கைவிட்டுவிடவில்லை. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழரும் கன்னடரும் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் உண்டு. ஆனால் மனு எழுத உட்கார்ந்தால், சீக்கிரம் காரியம் ஆக வேண்டுமே என்று கை தானாக மலையாளத்துக்குப் போய்விடுகிறது. கோட்டுக்குத் தெற்கே, விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகளுக்கும் இதே சங்கடம் மறுபுறமாக உண்டு. 2006-இல் தமிழ்நாடு பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது; 2017-இல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. எந்தப் பக்கத்துப் பாட்டிக்கும் பேரப்பிள்ளையின் பாடப்புத்தகம் அந்நியமாகலாம்.

இரு பக்கமும் ஏளனம்

இதைவிட ஆழமாகத் தைப்பது வேறொன்று. எங்கள் ஊர்த் தமிழில் தண்ணீர் வெள்ளம், பலாப்பழம் சக்கை, குதிப்பது சாடுவது, மெதுவாக என்பது பைய. மதுரைக்குப் போய் இதைப் பேசினால், "நீங்க மலையாளமா?" என்பார்கள். திருவனந்தபுரம் தாண்டி வடக்கே போய் "எந்தர்?" என்று மலையாளம் பேசினால், "பாண்டித் தமிழா?" என்று சிரிப்பார்கள். 2005-இல் வெளிவந்த 'ராஜமாணிக்யம்' படத்தில் மம்மூட்டி திருவனந்தபுரத்துப் பேச்சைப் பேசினார். கேரளமே கைதட்டியது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளைகளை அப்படிப் பேச விடுவார்கள்?

உண்மையில் எங்கள் பேச்சு பிழையும் அல்ல, கலப்படமும் அல்ல. கூப்பிடுவதை நாங்கள் 'விளிப்பது' என்போம். அதைக் கேட்டு மலையாளம் என்று முடிவு கட்டுகிறார்கள். எட்டாம் வேற்றுமைக்கு விளி வேற்றுமை என்று பெயர் வைத்தது யார்? சென்னையில் இலக்கணப் புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் சொல் எங்கள் ஊரில் அடுக்களையில் புழங்குகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஏளனம் தன் வேலையைச் செய்துவிட்டது. "அண்ணா, நாம பட்டது போதும். பேரனாவது பள்ளிக்கூட மலையாளம் சுத்தமாகப் பேசட்டும்" என்றான் தம்பி. அவனுடைய மூன்று வயதுப் பேரனிடம் வீட்டில் அம்மா ஒருவர்தான் தமிழ் பேசுகிறார். அவன் மலையாளத்தில் பதில் சொல்கிறான். அம்மாவுக்கு மலையாளம் புரியும். அதனால் ஒருவருக்கும் குறை தெரியவில்லை.

இரண்டு ஊர்கள்

நம் மகாராஷ்டிரத்திலேயே, சாங்க்லி மாவட்டத்தில் குப்வாட் என்று ஓர் எல்லையோர ஊர் இருக்கிறது. கம்பர்ஸ், வில்சன் என்ற இரு அறிஞர்கள் அதைப் பற்றி 1971-இல் எழுதினார்கள். அங்கே கன்னடமும் உருதும் மராத்தியும் நூற்றாண்டுக்கணக்கில் கூடி வாழ்ந்திருக்கின்றன. ஒன்றோடொன்று பழகி, வாக்கிய அமைப்பே ஒரே வார்ப்பாகிவிட்டதாம். ஆனாலும் மொழிகள் அழியவில்லை. பொது இடத்தில் மராத்தி பேசியவர்களும் வீட்டுக்குள் தத்தம் மொழியையே பேசி வந்தார்கள்.

இன்னொன்று ஆஸ்திரியாவில் உள்ள ஓபர்வார்ட். 1921-இல் அந்தப் பகுதி ஹங்கேரியிடமிருந்து ஆஸ்திரியாவுக்குப் போனது. எங்கள் ஊரைப் போலவே கோடு நகர்ந்த ஊர். 1970-களில் அங்கே தங்கி ஆராய்ந்த சூசன் கால், யார் யாரிடம் எந்த மொழி பேசுகிறார்கள் என்று பட்டியல் போட்டார். தாத்தா பாட்டியிடம் ஹங்கேரியன், பிள்ளைகளிடம் ஜெர்மன் என்று வயது இறங்க இறங்க மொழி மாறியது. ஹங்கேரியன் என்றால் வயலும் சேறும், ஜெர்மன் என்றால் வேலையும் சம்பளமும் என்று இளம் பெண்கள் முதலில் மாறினார்கள். அந்தப் பட்டியலில் கடவுளும் உண்டு. கடவுளிடம் பேசும்போது மட்டும் ஹங்கேரியன் உறுதியாக நின்றதாம்! அம்மா ஜெபிப்பது நினைவுக்கு வந்தது.

இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ஆபீஸிலும் சந்தையிலும் வேறு மொழி பேசுவதால் மட்டும் வீட்டு மொழி சாவதில்லை. பெரியவர்கள் குழந்தையைப் பார்த்து வேறு மொழியில் விளிக்கும் நாளில்தான் அது படுத்துக்கொள்கிறது.

கடிதமும் கைபேசியும்

தம்பியைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. மும்பையில் பிறந்த என் மகளிடம் நான் என்ன பேசினேன்? பள்ளியில் பின்தங்கிவிடுவாளோ என்று ஆங்கிலம். அக்கம்பக்கத்தில் இந்தி. தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். பிறகு என்று ஒரு நாள் வரவே இல்லை. தமிழில் அவள் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எல்லைக்கோடு பாறசாலையில் மட்டும் விழவில்லை. என் வீட்டுக் கூடத்திலும் விழுந்தது. அங்கே கோடு போட்டது அரசாங்கம் இல்லை, நான்.

ஆனால் மகளுக்கு மனம் உறுத்தியிருக்கிறது. தன் பெண்ணை நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு மூன்று வருடமாக அனுப்புகிறாள். பேத்திக்குப் பதினொரு வயது. எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

ஊரிலிருந்து திரும்பும்போது கடிதக் கட்டைக் கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கைபேசியில் அம்மாவை அழைத்து, பேத்தி ஒரு கடிதம் வாசிக்கிறாள். நாற்பது வருடத்துக்கு முன் நான் எழுதியதுதான்: அறை வாடகை, மழை, மின்சார ரயில் கூட்டம். மறுமுனையில் அம்மாவின் பக்கத்தில் தம்பியும் தம்பி மகளும் உட்கார்ந்து கேட்கிறார்கள். நான் ஊருக்கு என்ன எழுதினேன் என்பதே தம்பிக்கு இப்போதுதான் தெரிகிறதாம்.

முதல் நாள் பேத்தி பதற்றத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள். அம்மா கண்டுபிடித்துவிட்டார். இருபது தடவை வாசித்த கடிதமல்லவா?

"பைய வாசி மக்களே, இடையில சாடாண்டாம்."

பேத்தி என்னைப் பார்த்தாள். "சாடாண்டாம்னா என்ன தாத்தா? எங்க புத்தகத்துல இல்லையே."

"குதிக்க வேண்டாம் என்று அர்த்தம். அது நம் ஊர்த் தமிழ்" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

அன்பர்களே, வெளியே எத்தனை மொழி வேண்டுமானாலும் பேசுவோம், பிழைப்பு அப்படி. இன்று இரவு வீட்டில் பிள்ளையைச் சாப்பிட அழைப்பீர்கள் அல்லவா? எந்த மொழியில் விளிக்கிறோம் என்று அப்போது ஒரு கணம் கவனியுங்கள். விளித்த மொழியில்தான் பதில் வரும்.