வடதிசைக்கு வைத்தியர் வருவாரா?

கானடா தேசத்தின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, "இந்த ராஜ்யத்தில் ஜனங்கள் எங்கே வசிக்கிறார்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்டால், படம் முழுவதையும் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். உண்மை என்னவென்றால், அந்தத் தேசத்தாரில் மிகப் பெரும்பாலோர் தெற்கெல்லையை ஒட்டிய ஒரு மெல்லிய கரையில் நெருங்கி வாழ்கிறார்கள். வேஷ்டிக்குக் கரை எவ்வளவோ அவ்வளவுதான் அது. மற்றதெல்லாம் காடும் ஏரியும் பனியும். ஒன்டாரியோ மாகாணத்தின் வட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 8 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் ஆறு பங்கு. ஜனத்தொகையும் ஏறக்குறைய 8 லட்சந்தான். தலைக்கு ஒரு சதுர கிலோமீட்டர் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிடலாம்! அதற்கும் வடக்கே நூனவுட் என்னும் பிரதேசம் இருக்கிறது. 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பூமியில் 2021-ம் வருஷத்துக் கணக்கின்படி வசித்தவர்கள் 36,858 பேர். ஊர்கள் 25. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகச் சாலை கிடையாது.

இத்தகைய ஊரில் ஒரு குழந்தைக்கு நடுநிசியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது? பணம் இங்கே ஒரு பிரச்னையே அன்று. வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நோயாளி தம் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று 1984-ம் வருஷத்திய சுகாதாரச் சட்டம் கானடாவில் உறுதி செய்திருக்கிறது. ஆனால் பணம் கேட்காத வைத்தியர் அந்த ஊரில் இருக்க வேண்டுமே! வடகோடிக் கிராமங்கள் பலவற்றில் இருப்பது நர்ஸுகள் நடத்தும் ஒரு சிறு வைத்தியசாலைதான். டாக்டர் அவ்வப்போது விமானத்தில் வருவார், சில நாள் தங்குவார், போய்விடுவார். ஏரிகள் உறைந்து கல்லாய் இறுகும் குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும் பனிக்கட்டியின் மேலேயே பாதை போட்டு லாரி ஓட்டுகிறார்கள். மற்ற மாதங்களில் ஆகாய மார்க்கம் ஒன்றே கதி. மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

இந்த வடதிசைக்கு வைத்தியம் போன கதையில் முதலில் நம் நினைவுக்கு வருபவர் வில்பிரட் கிரென்பெல். 1865-ல் இங்கிலாந்தில் பிறந்த இந்த டாக்டர், 1892-ல் ஒரு மிஷன் கப்பலில் லாப்ரடார் கரைக்கு வந்தார். (அக்காலத்தில் லாப்ரடாரும் நியூபவுண்ட்லாந்தும் கானடாவைச் சேர்ந்தவை அல்ல, 1949-ல்தான் சேர்ந்தன.) மீன் பிடிக்கும் ஏழைகள் அந்த ஒரு கோடையில் நூற்றுக்கணக்கில் அவரிடம் வந்தார்கள். மறு வருஷமே பாட்டில் ஹார்பரில் ஆஸ்பத்திரி ஒன்று எழும்பியது. கிரென்பெல் விரைவிலேயே ஒரு சங்கதியைக் கண்டுகொண்டார். வியாபாரிகள் வலையும் உப்பும் மாவும் கடன் கொடுப்பார்கள். பிடித்த மீனையெல்லாம் தாம் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மீனவன் கையில் காசையே காணமாட்டான். பசித்த உடம்புக்கு மருந்து என்ன செய்யும்? 1896-ல் ரெட் பே என்ற ஊரில் அவர் முன்னின்று ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்கி வைத்தார். வைத்தியருக்குக் கடை எதற்கு என்று வியாபாரிகள் முகம் சுளித்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

1908-ம் வருஷம் ஈஸ்டர் சமயத்தில், தொலைவில் இருந்த ஒரு நோயாளியைப் பார்க்க நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் புறப்பட்டார். குறுக்குவழியாக ஒரு விரிகுடாவின் உறைந்த பரப்பைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்தது. நனைந்த உடையோடு ஒரு மிதக்கும் கட்டியின்மேல் ஏறிக்கொண்டார். காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று. குளிரில் இரவைக் கழிக்க வேறு வழி தெரியாமல் மூன்று நாய்களைக் கொன்று, அவற்றின் தோலைப் போர்த்துக்கொண்டார். அவற்றின் கால் எலும்புகளைக் கட்டிக் கொடிக்கம்பம் செய்து, தம் சட்டையை அதில் ஏற்றி ஆட்டினார். மறுநாள் கரையிலிருந்து படகு வந்தது. உயிர் தப்பிய பின் அந்த மூன்று நாய்களுக்கும் பெயர் பொறித்து நினைவுப் பலகை வைத்தார். மூடி, வாட்ச், ஸ்பை என்பவை அப்பெயர்கள்.

கிரென்பெல்லுக்குப் பட்டமும் புகழும் கிடைத்தன. அதே நியூபவுண்ட்லாந்தில் டானியல்ஸ் ஹார்பர் என்ற குக்கிராமத்துக்கு 1921-ல் வந்த நர்ஸ் மைரா பென்னட் அம்மையாரை வெளியுலகில் அறிந்தவர் சிலரே. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் லண்டனிலிருந்து வந்தவர் அந்த ஊரிலேயே விவாகம் செய்துகொண்டு, நூறாவது வயதில் 1990-ல் காலமாகும்வரை அங்கேயே இருந்தார். பிரசவம் பார்த்தார், பல் பிடுங்கினார், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டார். 1926-ல் அவருடைய மைத்துனரின் பாதம் மரம் அறுக்கும் இடத்தில் ஏறக்குறைய துண்டாகிவிட்டது. அம்மையார் அதைத் தைத்து, பனியில் வண்டி கட்டி, டாக்டர் இருந்த ஊர்வரை தாமே உடன் சென்றார். கால் பிழைத்தது. நமக்கு இவ்விருவரில் நர்ஸ் அம்மையாரையே அதிகம் பிடித்திருக்கிறது. வடதிசைக்கு வந்து சேர்ந்த வைத்தியர்கள் பலர் உண்டு; அங்கேயே தங்கியவர்கள் மிகச் சிலர்.

நோயாளியிடம் வைத்தியர் போவது ஒரு முறை. நோயாளியைப் பெயர்த்துக்கொண்டு வருவது மற்றொரு முறை. இரண்டாவது முறை என்ன செய்யும் என்பதை இனூயிட் ஜனங்களிடம் கேட்க வேண்டும். முன்பு எஸ்கிமோக்கள் என்று நம் பாடப் புஸ்தகங்கள் குறிப்பிட்டவர்கள் இவர்களே. 1950 முதல் 1969 வரை 'ஸி. டி. ஹௌ' என்ற சர்க்கார் கப்பல் ஒவ்வொரு கோடையிலும் கிழக்கு ஆர்க்டிக் கரையோரம் சென்றது. அதில் டாக்டர் உண்டு. பல் வைத்தியர் உண்டு. எக்ஸ்ரே யந்திரமும் உண்டு. ஊரார் எல்லாரையும் ஏற்றி மார்பைப் படம் பிடிப்பார்கள். க்ஷயரோகம் என்று தெரிந்தால் அந்த மனிதர் கரைக்குத் திரும்ப முடியாது. தாயானால் பிள்ளைகள் கரையில். பிள்ளையானால் தாய் கரையில். விடை பெற்றுக்கொள்ளக்கூட இறங்காமல் தெற்கே போனவர்கள் பலர். 1956-ல் இனூயிட்டுகளில் ஏழு பேருக்கு ஒருவர் தென்னாட்டு க்ஷயரோக ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். பேசுகிற பாஷை யாருக்கும் புரியாது. சாப்பாடு பழக்கமில்லாதது. குணமாகித் திரும்பிய குழந்தைகள் சிலர் தாய்மொழியை மறந்து வந்தார்கள். இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்ற தகவல் பல குடும்பங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

சிகிச்சை தவறானது என்று எவரும் சொல்ல முடியாது. மருந்து அநேக உயிர்களைக் காத்தது. ஆயினும் 2019 மார்ச்சு மாதம் கானடாவின் அப்போதைய பிரதம மந்திரி ஜஸ்டின் ட்ரூடோ இக்காலுயிட் நகருக்குச் சென்று இனூயிட் ஜனங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். காணாமற்போனவர்களின் கல்லறைகளைக் கண்டுபிடிக்கக் குடும்பங்களுக்கு உதவும் வேலையும் தொடங்கிற்று. அறுபது வருஷங்களுக்குப் பின் தாயின் சமாதிக்கு முன் நின்ற பிள்ளைகளும் கிழவர் கிழவிகளாகியிருந்தார்கள்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, வடதிசையின் பூர்வகுடிகள் தாங்களே பேசத் தொடங்கினார்கள். ஒன்டாரியோவின் வடமேற்கில் ஸூ லுக்கவுட் என்ற சிறு பட்டணம். சில ஆயிரம் பேரே வசிக்கும் இவ்வூரில் வெகு காலம் இரண்டு ஆஸ்பத்திரிகள் இருந்தன: ஒன்று ஊராருக்கு, மற்றொன்று பூர்வகுடிகளுக்கு! வெள்ளைக்காரர் ரெயில் பெட்டியில் ஏற முடியாமலிருந்த காலத்தை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. 1988 ஜனவரியில் ஸாண்டி லேக் என்னும் வட கிராமத்தைச் சேர்ந்த ஐந்து பேர், ஜோஸாயஸ் பிட்லர் என்பவர் தலைமையில் இந்தப் பூர்வகுடி ஆஸ்பத்திரிக்குள்ளேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் ஜனங்களுக்குக் கிடைக்கும் வைத்தியத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. உண்ணாவிரதத்தின் வலிமையை நாம் அறிவோம். விசாரணைக் குழு அமைந்தது. 1989-ல் அறிக்கை வெளிவந்தது. அதற்குப் பின் பேச்சுவார்த்தைகள் பல வருஷம் நீண்டு, 1997-ல் இரண்டு ஆஸ்பத்திரிகளையும் ஒன்றாக்குவதென்று ஒப்பந்தம் ஏற்பட்டது.

2010-ல் திறந்த புதிய கட்டடத்துக்கு 'மெனோ யா வின்' என்று பூர்வகுடிகளின் பாஷையிலேயே பெயர். ஆரோக்கியம், நிறைவு என்று பொருள்படும். 33 பூர்வகுடிச் சமூகங்களின் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். அவர்கள் பாஷையில் பேச மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். காட்டில் வேட்டையாடிய மான் இறைச்சியும் ஏரி மீனும் நோயாளிகளுக்குச் சமைத்துப் போட ஏற்பாடு உண்டு. இதைப் படிக்கும் நம் தாய்மார்கள் இதன் அருமையை உடனே அறிவார்கள். காய்ச்சலில் வாய் கசந்து கிடப்பவனுக்கு வீட்டு ரசத்தின் வாசனை எவ்வளவோ, அவர்களுக்கு அந்த மீன் குழம்பு அவ்வளவு.

பிரசவ விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடகோடிக் கர்ப்பிணிகளை மாதம் நெருங்கியதும் விமானத்தில் ஏற்றித் தூரப் பட்டணத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. அங்கே வாரக்கணக்கில் தனியே காத்திருக்க வேண்டும். கணவன், தாய், மற்றக் குழந்தைகள் எல்லாரும் ஊரில். பாதுகாப்பைக் கருதிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் ஊரில் எவரும் பிறக்காமல், ஊரில் எல்லாரும் இறக்க மட்டும் செய்தால் அந்த ஊர் என்ன ஊர்? க்யூபெக் மாகாணத்தின் வடக்கே ஹட்ஸன் விரிகுடாவின் கரையில் உள்ள புவிர்நிட்டுக் கிராமத்துப் பெண்கள் இதை எதிர்த்தார்கள். 1986-ல் அங்கே ஒரு பிரசவ விடுதி திறக்கப்பட்டது. உள்ளூர் இனூயிட் பெண்களையே தேர்ந்தெடுத்து, தேர்ந்த மருத்துவச்சிகளின் பக்கத்தில் இருத்தி, கைவேலையாகவே கற்பித்தார்கள்.

புவிர்நிட்டுக்கிலிருந்து மாண்ட்ரியால் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கும் வசதி கிராமத்தில் இல்லை. இது விஷப் பரீட்சை அல்லவா என்று டாக்டர்கள் கேட்டது நியாயமே. அதற்காக ஒரு முறை வகுத்தார்கள். ஒவ்வொரு கர்ப்பிணியின் நிலையையும் 32 முதல் 34 வாரத்துக்குள் மருத்துவச்சிகளும் டாக்டரும் நர்ஸுகளும் கூடி ஆலோசிப்பார்கள். ஆபத்து என்று தோன்றினால் தெற்கே அனுப்புவார்கள். மற்றவர்கள் ஊரிலேயே பெற்றெடுப்பார்கள். இப்படியாக அந்தக் கரையோரத்துப் பிரசவங்களில் 100-க்கு 80-க்கு மேல் சொந்தப் பிரதேசத்திலேயே நடக்கத் தொடங்கின. பலாபலன்களைப் பரிசோதித்தவர்கள் திருப்தியே தெரிவித்தார்கள். 1998-ல் இனூக்ஜுவாக்கிலும், 2004-ல் ஸால்லூயிட்டிலும் இதே போன்ற விடுதிகள் ஏற்பட்டன.

மருத்துவச்சியை உள்ளூரிலேயே தயாரிக்க முடியுமானால் டாக்டரை மட்டும் ஏன் தயாரிக்கக் கூடாது? இந்தக் கேள்வியிலிருந்தே வட ஒன்டாரியோ வைத்திய கலாசாலை பிறந்தது என்று சொல்லலாம். பட்டணத்துப் பையன் பட்டணத்துக் கலாசாலையில் படித்தால் பட்டணத்திலேதான் தொழில் செய்வான். வெகுமதி கொடுத்து வடக்கே அனுப்பினாலும், தவணை முடிந்ததும் மூட்டை கட்டுவான். ஆகவே 2005-ல் ஸட்பரி, தண்டர் பே என்னும் இரு நகரங்களில், ஒன்றுக்கொன்று சாலை வழியே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே கலாசாலையாக இதைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியக் கிராமங்களில் அனுபவம் பெற்ற ரோஜர் ஸ்ட்ராஸர் என்பவர் முதல் தலைவர். முதல் வகுப்பில் 56 மாணவர்கள். சேர்க்கும்போதே வடக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதலிடம்.

படிப்பு முறையும் வேறு. முதல் வருஷத்திலேயே மாணவர் நான்கு வாரம் ஒரு பூர்வகுடிச் சமூகத்தில் போய் வசிக்க வேண்டும். மூன்றாம் வருஷத்தில் எட்டு மாதம் ஒரு சிறு ஊரில் குடும்ப வைத்தியர்களின்கீழ் வேலை. மற்றக் கலாசாலைகளில் இந்த மாதம் குழந்தை வார்டு, அடுத்த மாதம் சஸ்திர சிகிச்சை வார்டு என்று சுற்றுவார்கள். இங்கேயோ கர்ப்பிணியாய் வந்தவளையே பிரசவத்திலும் பார்க்கிறார். பிறகு அந்தக் குழந்தைக்கு இருமல் வந்தாலும் பார்க்கிறார். பாட்டனாருக்கு நெஞ்சு வலித்தாலும் அதே மாணவர்தான். கண்ணுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று பிரிந்துவிட்ட இக்காலத்தில் நமக்கு இது பழைய குடும்ப வைத்தியரை நினைவூட்டுகிறது. 2009-ல் முதல் வகுப்பார் பட்டம் பெற்றார்கள். இங்கே படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப வைத்தியத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2022-ல் இது தனிச் சர்வகலாசாலையாகவும் ஆயிற்று.

குறை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. வட ஊர்களில் வைத்தியர் பற்றாக்குறை நீடிக்கிறது. வயதான டாக்டர் ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் பார்த்த குடும்பங்கள் திக்கற்று நிற்கின்றன. பதிலுக்குச் சில வாரம் வந்து போகும் டாக்டர்களைக் கொண்டே பல ஆஸ்பத்திரிகள் இரவைத் தள்ளுகின்றன. சிற்றூர் டாக்டர் பகலில் தம் வைத்தியசாலையிலும், இரவில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும், நடுவே ஒரு பிரசவத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் மயக்க மருந்து கொடுப்பவரும் அவரேதான். 2022-ல் ஒன்டாரியோவின் சில சிறு ஆஸ்பத்திரிகள் ஆளில்லாமல் அவசரப் பிரிவைச் சில மணி நேரம் பூட்டி வைக்கவும் நேர்ந்தது. க்ஷயரோகமும் ஒழிந்தபாடில்லை, இனூயிட் பூமியிலிருந்து அதை 2030-க்குள் ஒழிப்பதாக 2018-ல் சர்க்கார் உறுதி கூறியிருக்கிறது.

இன்று வடகோடி வைத்தியசாலையில் நர்ஸம்மாள் திரையில் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்; குழந்தையின் நெஞ்சுச் சத்தத்தை எடுத்துச் சொல்கிறாள்; டாக்டர் மருந்தின் அளவைச் சொல்கிறார். விமானத்துக்குச் சொல்லியாயிற்று என்கிறார். நர்ஸம்மாள் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறாள், மூடுபனி விலகியிருக்கிறதா என்று.