வெள்ளையடிப்பதற்கு முன் உறுதி

மன்னார் மாவட்டத்தில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன், நானாட்டான் பகுதிகளிலும் கடலுக்கு அப்பாலுள்ள தீவிலும், ஒரு வீட்டை விற்பனைக்கு ஆயத்தப்படுத்தும் வேலை, அவ்வீடு நிற்கும் வளவு எவ்வகைக் காணி என்பதை உறுதிப்படுத்திக்கொள்வதிலிருந்தே தொடங்குகிறது. சில வளவுகள் பரம்பரையாகக் கைமாறிவந்த தனியார் உறுதிக் காணிகள். வேறு சில, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேறியோருக்கு அரசு வழங்கியவை. பின்னவற்றில் அனுமதிப்பத்திரம் என்பது காணியைப் பயன்படுத்தும் இசைவு மட்டுமே. அளிப்புப் பத்திரம் உரித்தைத் தருமாயினும், பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி பெறாத கைமாற்றம் சட்டத்தின்முன் செல்லாது.

தனியார் காணியின் விற்பனை, 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் நிறைவேற்றப்பட வேண்டும். வடமாகாணத்துக்குரிய தேசவழமைச் சட்டம் இதற்கு மேலும் ஒரு படியைச் சேர்க்கிறது: வெளியாருக்கு விற்குமுன் குறித்த சிலருக்கு முதலில் வாங்கும் வாய்ப்பைக் கொடுக்கவேண்டிய முன்வாங்கும் உரிமையை, 1947 ஆம் ஆண்டின் சட்டம் கூட்டு உரிமையாளருக்கும் விற்பவரின் வாரிசாகக்கூடியவருக்கும் என மட்டுப்படுத்தியிருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள வீட்டை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டும் ஏற்பாடோ, 1911 ஆம் ஆண்டிலிருந்து வரும் ஒரு பழைய அநீதி.

போரினாலும், 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதாலும் உறுதிகள் தொலைந்த குடும்பங்கள் இங்கு பல. தொலைந்த உறுதி பதிவு செய்யப்பட்டதாயின் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைப் பெறலாம். எல்லைக்கற்களும் பனையோலை வேலிகளும் அழிந்த இடத்தில், நில அளவையாளர் ஒருவரைக்கொண்டு புதிய வரைபடம் எடுப்பதே அயலவரோடு பின்னர் எழக்கூடிய பிணக்கைத் தவிர்க்கும்.

இவை முடிந்த பின்னரே வீட்டைக் காட்டும் ஒழுங்கு வருகிறது. வாங்க வருபவர்கள் விறாந்தையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கிணற்றடிக்குப் போய் நீரை வாயில் வைத்துப் பார்ப்பது தீவில் நியாயமான எச்சரிக்கை, ஏனெனில் நன்னீருக்கும் உவர்நீருக்கும் உள்ள வேறுபாடு வளவின் விலையையே மாற்றும். ஆகவே கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது பூச்சுவேலையிலும் பயனுள்ள செலவு. கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருவேற்றுகிறது; துரு இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால் கம்பி உள்ளிருந்து நெருக்க, தூணும் கூரைத்தட்டும் வெடிக்கின்றன. அவ்வெடிப்பை வெறும் சீமெந்தால் மூடி வெள்ளையடித்தால் சிலகாலத்தில் அதே இடம் மீண்டும் பிளக்கும். உடன் வரும் மேசனின் கண்ணுக்கு அது அப்போதே தெரிந்துவிடவும் கூடும். ஓட்டுக்கூரையின் பனஞ்சலாகைகளில் கறையான் ஏறியிருந்தால் மாற்றிவிடுவதோ, விலையில் கழித்துச் சொல்வதோ நேர்மையானது.

குளத்தை அண்டிய தாழ்நிலங்களில், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதை விற்பவர் கேட்காமலே சொல்வது நல்லது. கோடையில் வீட்டைப் பார்க்கும் வெளியூரார் அதனை ஊகிக்க வழியில்லை, அயல்வீட்டில் விசாரித்தால் எப்படியும் தெரியவரும்.

வாங்க விரும்புவோர் புலம்பெயர்ந்த உறவினராயின், முற்பணம் பெறுமுன் அவரது குடியுரிமையைக் கேட்டறிய வேண்டும்: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் காணி விற்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது, இலங்கையின் இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அத்தடை இல்லை.