முஸ்லிம் மக்கள் வாழும் நாடுகள்

முஸ்லிம் என்றதும் மாணவர் பலர் அரபு நாட்டையே எண்ணுகின்றனர். பாலைவனமும் ஒட்டகமும் தீட்டிய பாடப் படங்களே இதற்குக் காரணம் போலும்! மக்கள் தொகைக் கணக்கோ வேறு செய்தி கூறுகின்றது. 2020ஆம் ஆண்டில் உலகிலிருந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ 200 கோடியர். அதாவது, மாந்தர் நால்வரில் ஒருவர். அவர்களுள் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்தோர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே. இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் ஆகிய நான்கு நாடுகளில் மட்டும் ஐந்தில் இரு பங்கினர் வாழ்ந்தனர். இந்நான்கனுள் ஒன்றேனும் அரபு மொழி வழங்கும் நாடன்று.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? வாளால் பரவிய சமயம் என ஒரே சொல்லில் முடிப்பாரும் உளர். அவர் கூற்று நிலப்படத்தோடு பொருந்தவில்லை. சுல்தான்களும் முகலாயரும் நெடுங்காலம் வீற்றிருந்த தில்லி, ஆக்ரா வட்டாரங்களில் முஸ்லிம்கள் சிறுபான்மையினராகவே இருந்தனர். தலைநகருக்கு மிகத் தொலைவிலிருந்த கிழக்கு வங்காளத்திலோ அவர்களே பெரும்பான்மையினர். 1872ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இது வெளிப்பட்டபோது ஆங்கில அதிகாரிகளே வியந்தனர். வரலாற்றறிஞர் ரிச்சர்ட் ஈட்டன் 1993இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தருகின்றார். கங்கையின் நீரோட்டம் கிழக்கே திரும்பியதால் அங்கு வண்டல் நிலம் பெருகிற்று. காடு திருத்தி நெல் விளைவிப்போருக்கு முகலாய அரசு இறையிலி நிலம் வழங்கியது. அதனைப் பெற்ற பெரியோர் பலர் பள்ளிவாசல் எழுப்பி, அதனைச் சூழ உழவரைக் குடியேற்றினர். ஏர் சென்ற வழியே சமயமும் சென்றது.

தென்கிழக்காசியாவில் ஏரின் வேலையை மரக்கலம் செய்தது. சுமத்திராவின் பாசாய் நாட்டுச் சுல்தான் மாலிக்குல் சாலிஹின் கல்லறைக்கல் 1297ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. அரபியர், குசராத்தியர், தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் ஆகியோர் பருவக்காற்றின் துணையால் வாணிபம் செய்தனர். காற்றுத் திரும்பும்வரை அவர்கள் மாதக்கணக்கில் துறைமுகங்களில் தங்க நேர்ந்தது. அங்கே மணவுறவும் தொழுகையிடமும் தோன்றின. இவர்களுள் முந்தியவர் யார் என்பதில் அறிஞர் இன்னும் ஒன்றுபடவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சமயத்தைக் கொணர்ந்தோரும் வணிகரே. ஆயின் அவர்கள் கடந்தது கடலன்று, சகாராப் பாலை. உப்புக்கும் பொன்னுக்கும் நடந்த பண்டமாற்றில் அவர்கள் ஈடுபட்டனர். 1324இல் மாலி மன்னர் மன்சா மூசா மக்கா யாத்திரை சென்றபோது, அவர் வழங்கிய பொன்னால் கெய்ரோவில் பொன்விலையே தாழ்ந்ததாம். இன்று அப்பகுதியிலுள்ள நைசீரியாவின் முஸ்லிம் தொகை எகிப்தின் தொகைக்குக் குறைந்ததன்று.