ஒரு நாளைக்கு 11 மில்லிமீட்டர்

சேலம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்துக் கிணறு தாத்தா காலத்தில் வெடி வைத்து இறக்கியது. மேலே பத்தடி மண்ணுக்குத்தான் கல் கட்டு. அதற்குக் கீழே வெறும் பாறை. இன்றுவரை ஒரு சில்லுகூடப் பெயர்ந்ததில்லை. பாறை என்றால் இப்படித்தான் நிற்கும் என்ற நினைப்போடு இமயமலையில் ஒரு சுரங்கப்பாதை வேலைக்குப் புவியியலாளனாகப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே முகப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். குடைந்துகொண்டு போகும் கடைசிச் சுவரைத்தான் முகப்பு என்போம். அது ஃபில்லைட் பாறை. சாம்பல் நிறம், பட்டு போல மினுமினுப்பு. விரலால் அழுத்தினால் ஏடு ஏடாக உதிர்ந்தது. தண்ணீர் பட்ட இடத்தில் வழவழவென்று கையில் அப்பிக்கொண்டது. இதற்குள் 10 மீட்டர் அகலத்துக்குக் குடைய வேண்டும். தலைக்கு மேலே 500 மீட்டர் மலை.

"அவ்வளவு மலையையும் எதை வெச்சுப்பா தாங்குவீங்க?" என்று ஊரில் சித்தப்பா கேட்பார். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கன மீட்டர் பாறை சுமார் 2.7 டன். 500 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,350 டன் அழுத்தம். சுவரில் நாங்கள் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டான ஷாட்கிரீட் 20 சென்டிமீட்டர் கனம். முழு வளையமாக, நன்றாக இறுகி நின்றாலும் அது தாங்குவது சதுர மீட்டருக்கு 100 டன் அளவுதான். மீதியை மலையே தாங்க வேண்டும். குடைந்த வெளியைச் சுற்றியுள்ள பாறை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளைவு போல நிற்கும். எங்கள் ஊர்ப் பாறை அதைத் தானாகச் செய்துகொள்ளும். ஃபில்லைட்டுக்குத் துணை வேண்டும். பாறைக்குள் செருகும் போல்ட், ஷாட்கிரீட், வில்லாக வளைத்த இரும்பு ரிப் எல்லாமே அது தளர்ந்து உதிராமல் சேர்த்துப் பிடிக்கத்தான்.

எப்போது பிடிப்பது என்பதுதான் கஷ்டம். குடைந்த உடனே அசையவே விடாமல் பிடித்தால், நெருக்கும் மலை ஷாட்கிரீட்டை நொறுக்கிவிடும். தாமதித்தால் பாறை தலையில் கொட்டும். கொஞ்சம் நகரவிட்டுப் பிடிக்க வேண்டும். ஆஸ்திரியப் பொறியாளர் ராப்செவிச் 1964-இல் எழுதிய கட்டுரைகளால் 'புதிய ஆஸ்திரிய முறை' என்று உலகெங்கும் பரவியது இந்த எண்ணம்தான். ஆஸ்திரியாவின் டவர்ன் சாலைச் சுரங்கத்தில் 1970-களில் ஷாட்கிரீட்டில் நீளவாக்கில் வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள். மலை நெருக்க நெருக்க இடைவெளி மூடிக்கொண்டு வந்தது. ஷாட்கிரீட் ஓடு உடையாமல் தப்பியது.

இதற்குப் பொறுமை வேண்டும். இமயமலையில் ரோதாங் கணவாய்க்கு அடியில் செல்லும் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில், சேரி நாலா ஓடைக்கு அடியில் நொறுங்கிய பாறையும் நீர்க்கசிவுமான சுமார் 600 மீட்டரைக் கடக்கவே நான்கு வருடத்துக்குப் பக்கமாக ஆனது. அதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எங்கள் சுரங்கத்தில் தினமும் காலையில் சுவர் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அளப்போம். நாளாக நாளாக அந்த எண் குறைய வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் நாளுக்கு 4 மில்லிமீட்டராக இருந்தது 7 ஆகி, 11 ஆனது. ரிப்களின் கால்கள் சேற்றில் நின்றிருந்தன. அவற்றைக் கீழே இணைத்து வளையத்தை மூடும் இன்வர்ட் கான்கிரீட்டை, அந்த மாதம் இத்தனை மீட்டர் குடைய வேண்டும் என்ற கணக்குக்காகத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

ஃபோர்மேன் நேபாளத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். கையைப் பிடித்து அழைத்துப்போய் டார்ச் அடித்துக் காட்டினார். ஷாட்கிரீட் விரிசலின் குறுக்கே முந்தின இரவு ஜிப்சம் அப்பியிருந்தார். உள்ளங்கை அளவு வெள்ளைப் பட்டை. அதன் நடுவே மயிரிழைப் பிளவு.

"இன்னிக்கு முன்னாடி போக வேண்டாம் சார். கீழே மூடுங்க," என்றார் இந்தியில்.

வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அரை நாள் வாக்குவாதம். அந்த இடத்தைத் தாண்டி, முகப்பில் முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மாலையில்தான் அவர்களை வெளியே வரச் சொன்னார்கள்.

இரண்டு நாளில் இன்வர்ட் போட்டு வளையத்தை மூடினோம். 11 என்பது 5 ஆனது, பிறகு 2. பன்னிரண்டாம் நாள் காலை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இனி 4 மீட்டர் போல்ட் போதாது, 6 மீட்டர் வேண்டும், ரிப்களை இன்னும் நெருக்கமாக நிறுத்த வேண்டும் என்று வரைபடத்தைத் திருத்திவிட்டு, அடுத்த ஒரு மீட்டரைக் குடையச் சொன்னோம்.