விளையாட்டு அலங்காரப் பொருட்களும் உடைமை என்னும் கருத்தும்

உடைமை யாது என்னும் வினாவிற்கு நிலம், பொன், கால்நடை ஆகியவற்றை மனத்திற்கொண்டே நாம் விடை கூறி வந்துள்ளோம். கையால் தொட இயலாததும், ஒரு விளையாட்டிற்கு வெளியே எப்பயனும் அற்றதுமான பொருளொன்றை ஒருவர் விலைகொடுத்து வாங்கி, விலையேறும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காய்க் காத்து வைப்பாராயின், அவர் பெற்றிருப்பது யாது? கணினி விளையாட்டுகளின் அலங்காரப் பொருட்களில் முதலீடு செய்யும் வழக்கம் இவ்வினாவை எழுப்புகின்றது. பெற்றோருக்கும் போதகருக்கும் எளிதில் விளங்காத இவ்வழக்கத்தை, ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு விளக்க முற்படுகிறோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வால்வ் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இரண்டு அணியினர் துப்பாக்கி ஏந்திப் பொருதும் ஆட்டம் அது. 2013 ஆகஸ்டில் அத்துப்பாக்கிகளுக்கு வண்ணப் பூச்சுகள் புகுத்தப்பட்டன. ஆடுவோர் இவற்றை ‘ஸ்கின்’ என்பர். பூச்சேறிய துப்பாக்கி விரைவாகச் சுடுவதுமில்லை, குறி தவறாமல் சுடுவதுமில்லை. அழகு ஒன்றே அதன் பயன். 2023 செப்டம்பரில் பழைய ஆட்டத்தின் இடத்தைக் ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ பெற்றபோது, அதுவரை சேர்த்த பூச்சுகளும் அதனுள் கொண்டுவரப்பட்டன.

இப்பொருட்கள் பெரும்பாலும் பூட்டிய பெட்டிகளிலிருந்து வருவன. பெட்டி ஆட்டத்தின் பரிசாகக் கிடைக்கலாம், அல்லது சந்தையில் வாங்கப்படலாம். திறப்பதற்குரிய சாவியின் விலை 2.49 டாலர். எது வெளிப்படும் என்பது சீட்டுப் போட்டாற்போல் தற்செயலைப் பொறுத்தது. சீன அரசு ஆணையிட்டதன் பேரில் 2017இல் அந்நாட்டில் இதன் விகிதங்கள் வெளியிடப்பட்டன. நூற்றில் ஏறத்தாழ 80 முறை மிகத் தாழ்ந்த தரப் பொருளே வரும். யாவரும் நாடும் கத்தியோ கையுறையோ வரும் வாய்ப்பு 0.26 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 385 பெட்டிகளுக்கு ஒன்று. அத்தனை சாவிகளின் விலை மட்டும் 950 டாலரைத் தாண்டும். அப்படிச் செலவிட்டாலும் கிடைத்தே தீரும் என்பதில்லை. நானூறாவது பெட்டியைத் திறப்பவருக்கும் முதற்பெட்டியைத் திறப்பவருக்கும் வாய்ப்பு ஒன்றே. பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அத்தீர்மானத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எம் கருத்து.

ஆயின் முதலீட்டாளர் பெரும்பாலும் பெட்டியைத் திறப்பவரல்லர், திறவாது வைத்திருப்பவரே. அவருடைய கணக்கு வேறு. பழைய பெட்டிகள் ஆட்டத்தில் அரிதாகவே வழங்கப்படுகின்றன. மற்றவர்களோ அவற்றைத் திறந்துகொண்டே இருக்கின்றனர். ஆதலால் எஞ்சியவை குறையக் குறைய விலை ஏறும் என்பது அவர் எண்ணம். துப்பாக்கியில் ஒட்டும் ஸ்டிக்கர்களின் நிலையும் இதுவே. போலந்தின் கட்டோவிட்சே நகரில் 2014இல் நடந்த போட்டியை ஒட்டி வெளியானவற்றுள் சில மிக அரியனவாய்க் கருதப்படுகின்றன. ஒட்டியதை எடுத்து மற்றொன்றில் ஒட்ட இயலாது. ஒருவர் ஒட்டுந்தோறும் உலகில் ஒன்று குறைகின்றது. இக்கணக்கு முற்றிலும் வீண் என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. 2018இல் ‘டிராகன் லோர்’ என்னும் பூச்சுடைய துப்பாக்கி ஒன்று 61,000 டாலருக்கு மேல் விலைபோயிற்று.

தேய்மானத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண் தோன்றும்போதே குறிக்கப்படுகின்றது. 0.07க்குக் கீழானது புத்தம் புதியதாகவும், 0.45க்கு மேலானது போரில் தழும்பேறியதாகவும் கொள்ளப்படும். ஆயிரம் ஆட்டங்களில் பயன்படுத்தினும் அந்த எண் மாறாது. பூச்சியையும் துருவையும் பற்றிய வேதபகுதியை இங்கே எடுத்தாள விரும்பும் போதகர் சற்றே நிதானிப்பது நலம். இப்பொருட்கள் துருப்பிடிப்பதில்லை; துருவேறிய தோற்றமுடைய கத்தியும் அத்தோற்றத்துடனேயே விற்கப்படுகின்றது. இவற்றின் அழிவு வேறு திசையிலிருந்து வருகின்றது.

அத்திசையை 2025 அக்டோபர் 22ஆம் நாள் காட்டிற்று. ஒரே தரத்திலுள்ள பத்துப் பொருட்களைக் கொடுத்து அடுத்த தரத்தில் ஒன்றைப் பெறும் ஏற்பாடு இவ்விளையாட்டில் முன்னரே உண்டு. எனினும் கத்தியும் கையுறையும் அதற்கு எட்டாதவையாய் இருந்தன. அவற்றின் விலைக்கு அதுவே காப்பு. அன்று நிறுவனம் விதியை மாற்றி, சிவப்புத் தரப் பொருட்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்றது. கத்திகளின் விலை சரிந்தது. மலிவாய்க் கிடந்த சிவப்புப் பொருட்களின் விலை பன்மடங்கு ஏறிற்று. 600 கோடி டாலரை ஒட்டியதாய் மதிப்பிடப்பட்டிருந்த மொத்தச் சந்தை, ஓரிரு நாட்களுக்குள் கால் பங்கிற்கு மேல் குறைந்தது. ஒருவருடைய பெட்டகமும் திருடப்படவில்லை. ஒரு கத்தியும் காணாமற்போகவில்லை. பொன்னின் விலையும் விழுவதுண்டு. ஆயினும் வெள்ளிக்காசு ஐந்தைப் பொற்காசாக மாற்றலாம் என்று ஒரே நாளில் ஆணையிட எந்தச் சுரங்கத்தாருக்கும் வல்லமையில்லை.

நிறுவனம் வாக்குத் தவறியதா? இல்லை. அதன் ஒப்பந்தம் இப்பொருட்கள் விற்கப்படுவதில்லை, பயன்படுத்தும் உரிமமே வழங்கப்படுகின்றது என்று தெளிவாய்க் கூறுகின்றது. நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ சந்தையில் விற்றால், வாங்குபவர் செலுத்துவதில் விற்பவரைச் சேராத கட்டணமும் அடங்கும். அது விற்பவர் பெறும் தொகையில் 15 விழுக்காடு. எஞ்சியதும் அந்தச் சந்தைக்குள்ளேயே செலவிடத்தக்கது. பணமாக எடுக்க இயலாது. பணமாக்க விரும்புவோர் வெளிச்சந்தைகளை நாடுகின்றனர். அங்கே நிறுவனத்தின் காப்பு இல்லை. 2019இல் நிறுவனமே, கைமாறும் சாவிகளில் ஏறத்தாழ அனைத்தும் மோசடிப் பணத்தோடு தொடர்புடையவை எனத் தான் கருதுவதாகக் கூறி, புதிதாய் வாங்கும் சாவிகளைப் பிறருக்கு மாற்றுவதைத் தடை செய்தது. ஆதலால் திரையில் காணும் விலையையும் கையில் சேரும் பணத்தையும் ஒன்றாய் எண்ணலாகாது.

சுதந்தரத்தைப் பற்றிய கேள்வியும் உண்டு. உயிரோடிருக்கையில் தந்தை தம் கத்தியை மகனுக்குப் பரிமாற்றத்தில் கொடுத்துவிடலாம். கொடாமல் மரித்தால் அது அவருடைய கணக்கிலேயே கிடக்கும். அக்கணக்கைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க ஒப்பந்தம் இடந்தருவதில்லை.