சிவகாசி டு குல்மார்க்: முதல்முறை ஸ்னோபோர்டு ஏறப் போகிறீர்களா? பலகை வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

சிவகாசி அச்சகங்கள் கொஞ்சம் மூச்சுவிடுவது ஜனவரியில்தான். காலண்டர், டைரி வேலைகள் டிசம்பரோடு ஓய்ந்துவிடும். `எங்கேயாவது போய்விட்டு வரலாமா?' என்ற பேச்சு வீடுகளில் எழுவதும் அப்போதுதான். காஷ்மீரின் குல்மார்க்கில் பனி நன்றாகப் படிந்து கிடப்பதும் அதே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான்.

40 டிகிரி வெயிலில் வளர்ந்த நமக்குப் பனியைப் பார்ப்பதே பெரிய விஷயம். ஆனால், இப்போது பார்த்துவிட்டு வருவதோடு பலருக்கு மனம் நிறைவதில்லை. ரீல்ஸில் ஒருவர் பலகை மீது நின்றபடி பனிமலையில் வழுக்கி வருவதைப் பார்த்ததும், `நாமும் ஏறிப் பார்த்தால் என்ன?' என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே ஆன்லைனில் ஸ்னோபோர்டு விலையைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

அங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. முதல்முறை போகிறவர் பலகை வாங்கவே வேண்டாம். உடம்பை ஒட்டி இருக்கும் பொருள்களுக்குத்தான் முதலில் காசு செலவழிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்கீயிங் வேறு, ஸ்னோபோர்டிங் வேறு

ஸ்கீயிங்கில் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பலகை, கைகளில் இரண்டு கோல்கள். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். கையில் எதுவும் கிடையாது. பக்கவாட்டில் நின்றபடி சறுக்க வேண்டும்.

விளையாட்டின் வயதும் அதிகமில்லை. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தன் பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துக் கட்டினார். `ஸ்னர்ஃபர்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 33 ஆண்டுகள் கழித்து, 1998-ல் ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிங் பதக்க விளையாட்டானது.

`பனி பெய்யும் ஊரில் பிறந்தவர்களுக்குத்தானே இதெல்லாம்' என்று ஒதுங்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் காப்பித் தோட்ட மாவட்டமான குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் தேசியப் பதக்கங்கள் வென்றவர். சிவகாசிக்கும் வடக்கே போய்ப் புதிதாகக் கற்று வருவது பழக்கமான விஷயம்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததில்தானே இந்த ஊரின் கதையே தொடங்குகிறது!

பருத்தியை ஊரிலேயே விட்டுவிடுங்கள்

பட்டாசு ஆலையில் பருத்தி உடைதான் பாதுகாப்பு. பாலியெஸ்டர், நைலான் துணிகள் உரசும்போது நிலை மின்சாரம் உண்டாகும். மருந்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொறியே போதும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பனிமலையில் இது அப்படியே தலைகீழ். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. சறுக்கும்போது வியர்க்கும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பருத்தி பனியன், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பனியில் நாலு முறை விழுந்தால் அரை மணி நேரத்தில் நடுக்கம் வந்துவிடும். ஆகவே மூன்று அடுக்கு உடை தேவை.

* உள் அடுக்கு: மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும்.
* நடு அடுக்கு: ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். சூட்டைப் பிடித்துவைப்பது இதன் வேலை.
* வெளி அடுக்கு: தண்ணீர் புகாத, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், பேன்ட். லேபிளில் 10,000 மி.மீ. என்று இருந்தால் புதியவர்களுக்குத் தாராளம். ஸ்னோபோர்டு பழகுகிறவர் பாதி நேரம் பனியில் உட்கார்ந்திருப்பார் என்பதால், ஜாக்கெட்டைவிட பேன்ட்டில் கவனம் அதிகம் வேண்டும்.

சாக்ஸ் ஒரு ஜோடி மட்டும் போடுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் நல்லது. கையுறைகளில், நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் வகைதான் அதிகக் கதகதப்பு தரும்.

முதலில் பூட்ஸ், பிறகுதான் பலகை

பலகையின் நிறத்தையும் படத்தையும் பார்த்து மயங்காதீர்கள். நம் கால் அசைவைப் பலகைக்குக் கொண்டுபோவது பூட்ஸ்தான். போட்டுக்கொண்டு நேராக நிற்கும்போது கால் விரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் தூக்கக் கூடாது. வாடகைக் கடையில் பூட்ஸை மாட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் நடந்து பாருங்கள். எங்காவது குத்தினால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு போனால், நாட்டுக்கு நாடு மாறும் சைஸ் குழப்பம் இருக்காது.

பலகைக்கு வருவோம். நிமிர்த்தி வைத்தால் உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருப்பது புதியவர்களுக்கு ஏற்றது. எடை கூடுதலாக இருந்தால் சற்று நீளமானது, குறைவாக இருந்தால் சற்றுக் குட்டையானது. வளைவுத்தன்மையை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள். 2 முதல் 4 வரை உள்ள மெதுவான பலகை, நாம் செய்யும் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். `ஆல் மவுன்ட்டன்' வகை போதும். பாதம் பெரிதாக இருந்தால் அகலப் பலகை கேளுங்கள். பூட்ஸ் பலகைக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் திரும்பும்போது பனியில் இடித்துத் தள்ளிவிடும்.

வாடகைப் பலகையை வாங்கியதும் மூன்றைப் பாருங்கள்: ஓரத்தில் உள்ள இரும்பு விளிம்பு துருப்பிடித்திருக்கிறதா, அடிப்பக்கத்தில் ஆழமான கீறல் இருக்கிறதா, பூட்ஸைப் பூட்டும் பைண்டிங்கின் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா?

உங்கள் முன்கால் எது?

இடது காலை முன்னால் வைப்பவர் `ரெகுலர்', வலது காலை முன்னால் வைப்பவர் `கூஃபி'. இரண்டிலும் உயர்வு தாழ்வு இல்லை. நீங்கள் எதிர்பாராதபோது வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். விழாமல் இருக்க எந்தக் காலை முன்னே வைக்கிறீர்களோ, பெரும்பாலும் அதுதான் உங்கள் முன்கால். இதைத் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரர் பைண்டிங்கைச் சரியாகப் பொருத்திக் கொடுப்பார். தொடக்கத்தில் இரு பாதங்களும் தோள் அகலத்தில், முன்கால் 15 டிகிரி வெளிப்பக்கமாகவும் பின்கால் அதற்கு எதிர்ப்புறமாகவும் சற்றுத் திரும்பி இருந்தால் நிற்க எளிது.

தலையும் மணிக்கட்டும்

புதிதாக ஸ்னோபோர்டு பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. உடம்பின் எடை முழுவதும் அங்கே இறங்கிவிடும். மணிக்கட்டுக் காப்பு அணிந்தால் எலும்பு முறிவுக்கான வாய்ப்பு குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. விலையும் குறைவு, பையில் இடமும் அடைக்காது. வாடகைக் கடைகளில் இது கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. பனிச்சறுக்குக்கான ஹெல்மெட்தான் வேண்டும். ஸ்னோபோர்டில் பின்பக்கமாக மல்லாந்து விழுவது சகஜம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் பேட் இருந்தால் இரண்டாவது நாளும் பழகத் தெம்பு இருக்கும்.

கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அழகுக்காக அல்ல. புதுப் பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மூர் வெயிலைத் தாங்கிய தோலும் அங்கே கறுத்து உரியும்.

எங்கே பழகலாம்?

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். ஆக, உயரம் நமக்குப் பழக்கமானதுதான்; குளிர்தான் புதுசு. ஊரை ஒட்டிய சாய்வான புல்வெளிகள்தாம் பனிக்காலத்தில் புதியவர்களுக்கான பயிற்சிக் களம். பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும், பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

மத்திய அரசின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கில் இருக்கிறது. மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் பனிச்சறுக்கு வகுப்புகள் நடத்துகிறது. உத்தராகண்டின் ஆலியும் புதியவர்களுக்கு ஏற்ற இடம். விண்ணப்பிக்கும் முன், அந்தப் பருவத்தில் ஸ்னோபோர்டு வகுப்பு உண்டா, உபகரணங்கள் கட்டணத்தில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு மதுரையிலிருந்து சென்னை அல்லது டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம். அங்கிருந்து சுமார் 50 கி.மீ. சாலைப் பயணம். ரயில்தான் வசதி என்றால், திருநெல்வேலியிலிருந்து மதுரை வழியாகக் கட்ராவுக்கு வாராந்திர ரயில் உண்டு. கட்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் 2025 ஜூன் 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டதால், இப்போது காஷ்மீர் வரை ரயிலிலேயே போகலாம். ஒன்றை மறக்காதீர்கள்: நம்மூர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

பனியை நம்பி மாதக்கணக்கில் முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் பணம் கட்டவும் வேண்டாம். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ரத்து செய்யும் வசதியுள்ள முன்பதிவே நல்லது. பாதுகாப்பு, சாலை நிலவரம் குறித்த அரசு அறிவிப்புகளையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஊரிலேயே ஒரு மாதம்

தொடை, முழங்கால், இடுப்பு மூன்றுக்கும் வேலை கொடுக்கும் விளையாட்டு இது. தினமும் ஸ்குவாட், ஒற்றைக்காலில் நின்று பழகுதல், மாடிப்படி ஏறி இறங்குதல் போதும். அனுமதியுள்ள நாளில் சதுரகிரி மலை ஏறி இறங்கினால், இறக்கத்தில் தொடை எப்படி வலிக்கிறது என்பது புரிந்துவிடும். பனியிலும் அதே தசைகள்தாம் பேசும். மெத்தையில் விழுந்து பழகுங்கள். முன்னால் விழுந்தால் விரல்களை மடக்கி, முழங்கால், முன்கை என்று இறங்க வேண்டும். பின்னால் விழுந்தால் முகவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து, உட்காருவதுபோல் சரிய வேண்டும்.

முதல் மூன்று நாள்கள்

முதல் பாடம், முன்காலை மட்டும் பூட்டிக்கொண்டு, மறுகாலால் உந்திச் சமதரையில் நகர்வது. அடுத்து, சரிவுக்குக் குறுக்கே பலகையை வைத்து, குதிகால் விளிம்பில் எடையைப் போட்டு மெல்லக் கீழே இறங்குவது. பிறகு அதையே விரல் விளிம்பில் செய்வது. காய்ந்த இலை காற்றில் ஆடி ஆடி இறங்குமே, அதுபோல் இடமும் வலமுமாக இறங்கப் பழகிய பின்புதான் திருப்பங்கள் வரும்.

பள்ளத்தைப் பார்த்திருக்கும் விளிம்பு பனியில் குத்தினால் அடுத்த நொடி தரையில்தான். அதனால் எப்போதும் மேட்டுப்பக்க விளிம்பில் எடை இருக்கட்டும். காலைப் பார்க்காமல் போக வேண்டிய திசையைப் பாருங்கள். முதல் இரண்டு நாள்கள் விழுந்துகொண்டேதான் இருப்பீர்கள். மூன்றாவது நாளில் பலருக்குத் திருப்பம் பிடிபட ஆரம்பிக்கும். அதனால், ஒரே நாள் பயணத்தில் `ஒரு கை பார்த்துவிடலாம்' என்று போனால் வலி மட்டும்தான் மிஞ்சும். மூன்று நாளாவது பயிற்சியாளரோடு இருக்கும்படி திட்டமிடுங்கள்.

கோண்டோலா ஆசை வேண்டாம்

குல்மார்க் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அப்பர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். பார்த்துவிட்டு அதிலேயே இறங்கி வாருங்கள். பலகையோடு இறங்க நினைக்காதீர்கள். அங்கே பனிச்சரிவு அபாயம் உண்மையானது. 2023 பிப்ரவரி 1 அன்று அப்பர்வாட்டில் போலந்தைச் சேர்ந்த இருவரும், 2024 பிப்ரவரியில் குல்மார்க் மலைச்சரிவில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். பயிற்சிச் சரிவைத் தாண்டிப் போகாதவரை இந்த ஆபத்து உங்களை நெருங்காது.

சரிவிலும் போக்குவரத்து விதி உண்டு. முன்னால், கீழே இருப்பவருக்கே முதலிடம். பின்னாலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். ஓய்வெடுக்க நடுவில் உட்காராமல் ஓரமாக ஒதுங்குங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் சாகச விளையாட்டுக்கும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகள் அதை விலக்கிவைக்கின்றன.

எதை வாங்கலாம், எது வாடகைக்கு?

* வாங்க வேண்டியவை: தெர்மல், கம்பளி சாக்ஸ், கையுறை, மணிக்கட்டுக் காப்பு, பனிக் கண்ணாடி, சன்ஸ்கிரீன்.
* வாடகைக்கு எடுக்க வேண்டியவை: பலகை, பைண்டிங், பூட்ஸ், ஹெல்மெட். அணிந்து பார்த்து ஹெல்மெட் தலைக்குச் சரியாக இல்லையென்றால், அதை மட்டும் வாங்கிவிடுங்கள்.
* நண்பர்களிடம் இரவல் கேட்கலாம்: ஜாக்கெட், பனி பேன்ட்.

மூன்றாவது நாள் மாலையும் `நாளைக்கு இன்னொரு ரவுண்டு' என்று மனசு கேட்டால், அடுத்த பருவத்துக்கு முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது பூட்ஸ். பலகைக்கு அதற்கடுத்த ஜனவரி இருக்கிறது!