இரண்டு மணி நேரக் கணக்கு

போன மாதம் என் மருமகன் ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் நின்றபோது ஒரு புது பிசி கேம் வாங்கினான். விலை 89.99 டொலர், 13 வீத வரியும் சேர நூறைத் தாண்டியது. தொடங்கியதும் ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்று ஒரு கோடு திரையில் ஊர்ந்தது. பதினெட்டு நிமிடம் ஊர்ந்தது. பிறகும் ஒவ்வொரு கதவைத் திறக்கையிலும் படம் ஒரு கணம் உறைந்து நின்றது. “பொறுங்கோ மாமா, பட்ச் வரும்” என்றான். பொறுக்கவே கூடாது என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளேஸ்டேஷன் எல்லா வீட்டிலும் ஒரே கருவி. அதற்கான ஷேடர்களை, அதாவது ஒளியையும் நிழலையும் வரையும் சிறு நிரல்களை, முன்கூட்டியே தயாரித்து அனுப்பிவிடலாம். பிசி வீட்டுக்கு வீடு வேறு. அந்த வேலை உங்கள் கணினியிலேயே நடக்கவேண்டும். கவனமாகச் செய்தால் தெரியாது, அவசரப்பட்டால் உறையும். 2015 ஜூனில் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ பிசி பதிப்பு வெளிவந்த ஓரிரு நாளில் விற்பனையே நிறுத்தப்பட்டு, ஒக்டோபரில்தான் திரும்பியது. 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ பிசிக்கு வந்தபோதும் கோளாறுகளே. முன்பதிவுக் காசு கையில் விழுந்துவிட்டால் சோதனையை வாங்கியவர் தலையில் கட்டிவிடலாம் என்ற துணிச்சல்தான் இதற்கு வேர் என்பேன்.

முதல் மருந்து கையிலேயே இருக்கிறது. இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் எந்தக் காரணத்துக்காகக் கேட்டாலும் காசு திரும்பும். ஷேடர் கோடு ஊரும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதை மறக்காதீர்கள். மருமகனின் கணக்கில் ஒரு மணி 36 நிமிடம் காட்டியது, அன்றே விண்ணப்பித்தான். நேரம் கடந்திருந்தாலும் கோளாறை விளக்கிக் கேளுங்கள், பரிசீலிப்பார்கள். வேறு கடைகளில் மலிவாக வாங்கி ஸ்டீமில் பதியும் கீகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கடை மறுத்தால் ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002 இருக்கிறது. நிறுவனம் அமெரிக்காவில் இருந்தாலும், வாங்கும்போது நீங்கள் ஒன்ராறியோவில் இருந்தால் பொருந்தும். இல்லாத தரத்தையோ செயற்றிறனையோ இருப்பதாகச் சொல்லி விற்பது இதன்படி முறைகேடான வணிக நடைமுறை. ஓராண்டுக்குள் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். எழுத்தில் அறிவியுங்கள், விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வையுங்கள். ‘நடுவரிடம் மட்டுமே போகலாம்’ என்று நாம் படிக்காமல் ‘சரி’ அழுத்தும் வரி, நீதிமன்றக் கதவை இங்கே அடைக்காது. கிரெடிட் கார்ட் நிறுவனத்திடம் முறையிடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்: அதனால் உங்கள் ஸ்டீம் கணக்கே முடக்கப்படலாம்.

கோளாறு கேமில் இல்லாமலும் இருக்கலாம். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் உள்ளூரத் தேய்ந்தன. கேம் சரியும்போது கிராபிக்ஸ் கார்டைத்தான் பலர் திட்டினார்கள். 2024இல் இன்டெல் பயோஸ் திருத்தம் தந்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியது. சிப்பைத் தனியாகப் பெட்டியில் வாங்கியவர்கள் ரசீதைத் தேடுங்கள். பூட்டிய கணினியாக வாங்கியவர்கள் விற்றவரிடம் கேளுங்கள். மூவாயிரம் டொலர் கணினிக்குச் சிறு உரிமை நீதிமன்றமும் உண்டு, 2025 ஒக்டோபரிலிருந்து அதன் வரம்பு 50,000 டொலர்.

ஒழுங்காக ஓடும் கேமும் கைவிட்டுப் போகலாம். ரொறன்ரோவிலும் ஸ்டூடியோ வைத்திருக்கும் யுபிசொஃப்ட், 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31இல் அணைத்தது. தனியாக ஆடக்கூடிய பகுதியும் போயிற்று, டிஸ்க் வைத்திருந்தவருக்கும் போயிற்று. இது என்னை மிகவும் கோபப்படுத்திய செய்தி. ஆனால் பலருக்கும் வந்த அந்தக் கோபம் வீண்போகவில்லை: ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் பிறந்து, ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. 2025இல் ‘தி க்ரூ 2’க்கு இணையமின்றி ஆடும் வசதி வந்தது.

நல்ல பிசி கேமும் அதற்கான கருவியும் செய்யத் தெரிந்தவர்கள் நம் அயலிலேயே இருக்கிறார்கள். ரேடியான் கிராபிக்ஸ் கார்டுகளைத் தந்த ஏடிஐ, 1985இல் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் தொடங்கி மார்க்கத்தில் வளர்ந்த நிறுவனம். 2006இல் ஏஎம்டி வாங்கிய பின்னும் வேலை அங்கே நடக்கிறது. கப்பிபாரா, ‘குவாக்கமேலி’ செய்த டிரிங்பொக்ஸ் இரண்டும் ரொறன்ரோவின் சிறு ஸ்டூடியோக்கள். ‘கப்ஹெட்’ செய்தவர்களின் ஸ்டூடியோ ஓக்வில்லில் இருக்கிறது. திரும்பி வந்த நூறு டொலரில் மருமகன் ‘குவாக்கமேலி’ வாங்கினான். ஊரும் கோடு எதுவுமில்லாமல் அது திறந்தது.